சங்ககிரி மலைக்கோட்டையை லேசர் ஸ்கேன் எடுப்பது: கண்ட்ரோல், முட்புதர், மதிலைத் தின்னும் ஃபில்டர்

#1 சங்குமலை

வணக்கம். சங்ககிரி மலைக்கோட்டையை அளந்து வரைபடமாக்க ஒரு மதிப்பீடு தயாராகிறது. கேட்கப்படுவது மூன்று. கோட்டை முழுமைக்கும் 1:500 தள வரைபடம். பொறுக்கி எடுத்த வாசல்களுக்கும் கொத்தளங்களுக்கும் 1:50 முகப்பு வரைபடம். மூன்றாவது, எந்தக் கொத்தளத்திலிருந்து எந்தப் பாதை கண்ணுக்கும் குண்டுக்கும் எட்டியது என்ற பார்வை ஆய்வு.

கையில் உள்ளவை: ஆர்டிசி360 தரை லேசர் ஸ்கேனர் ஒன்று (எட்டும் தூரம் 130 மீ), கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் (கோணத் துல்லியம் 5 விநாடி), செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் இரட்டை அலைவரிசை ஜிஎன்எஸ்எஸ் கருவி இரண்டு. டிரோன் லைடார் (டிரோனில் பொருத்திய லேசர் ஸ்கேனர்) வாடகைக்குக் கிடைக்கும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை மதிலுக்கு மேல் மதில். நடுவே சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும். எங்கிருந்து தொடங்குவது, எத்தனை நாள் போடுவது, எங்கே கை சுடும்? அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.

#2 புள்ளிமேகம்

முதலில் வரைபட அளவையை மி.மீ. கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். தாளில் ஒரு கோடு 0.25 மி.மீ. தடிமன். 1:500-இல் அது தரையில் 12.5 செ.மீ.; 1:50-இல் 12.5 மி.மீ. முதல் வேலைக்கு டிரோன் லைடாரின் 5 செ.மீ. துல்லியம் தாராளம். இரண்டாவதற்குத் தரை ஸ்கேனர்தான் வேண்டும், புள்ளி இடைவெளி 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆக இது இரண்டு தனி வேலை, பொதுவாக இருப்பது கண்ட்ரோல் (இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்த ஆதாரப் புள்ளிகள்) மட்டும். முழு மலையையும் தரை ஸ்கேனரால் மூட நினைத்தால் மாதக்கணக்கில் மலையிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

ஆர்டிசி360-இல் மூன்று அடர்த்தி உண்டு: 10 மீ தூரத்தில் 3, 6, 12 மி.மீ. நடுவில் உள்ள 6 மி.மீ.யில் ஒரு ஸ்கேன் ஒரு நிமிடத்துக்குள் முடியும், படமும் எடுத்தால் இன்னொரு நிமிடம். ஒரு நிலையத்துக்கு ஏறத்தாழ நாலரைக் கோடி புள்ளி, இ57 (புள்ளிகளுக்கான பொது வடிவம்) கோப்பாக்கினால் ஒரு ஜிபி பக்கம் வரும். ஆனால் 6 மி.மீ. என்பது 10 மீட்டரில்தான். 20 மீட்டர் தள்ளி நின்றால் அதுவே 12 மி.மீ. ஆகிவிடும். எனவே 1:50 கேட்ட முகப்புக்கு 8 மீட்டருக்குள் நில்லுங்கள், இல்லையென்றால் 3 மி.மீ. அடர்த்திக்குப் போங்கள்.

மதில் நெடுக 12 முதல் 15 மீட்டருக்கு ஒரு நிலையம், உள்பக்கமும் வெளிப்பக்கமும். 600 மீட்டர் மதில் என்றால் 80 முதல் 100 நிலையம். ஸ்கேன் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்து ஒரு நாள் வேலை என்று மதிப்பீட்டில் எழுதிவிடாதீர்கள். ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு படி ஏறி, புதர் விலக்கி, டார்கெட் (ஸ்கேன்களைப் பொருத்த உதவும் குறி) நட்டு எடுத்தால் ஒரு நாளைக்கு 35, 40 நிலையம் ஆனாலே பெரிது.

#3 சர்வே சங்கிலி

புள்ளிமேகம் சொன்னது எல்லாம் சரிங்க. ஆனா கண்ட்ரோல் சரியில்லைன்னா அந்த நாலரைக் கோடி புள்ளியும் தப்பான இடத்துல அழகா நிக்கும்.

முதல் விஷயம், உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்குற புரொஜெக்‌ஷன். 78° கிழக்கு தீர்க்கரேகை சேலத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவால போகுது. சேலம் நகரம் 78.15° பக்கம், உலகத்தை 6° பட்டைகளாப் பிரிக்கிற யூடிஎம் முறையில 44-ஆம் மண்டலம். சங்ககிரி 77.87° பக்கம், 43-ஆம் மண்டலம். சேலத்து வேலைக்கு வெச்சிருக்கிற டெம்ப்ளேட்டை அப்படியே திறந்து 44-இல் ஏத்துறவங்க நிறையப் பேர். கணக்கு ஓடும், பிழைன்னு எதுவும் காட்டாது. வேறொரு வரைபடத்தோட பொருத்தும்போதுதான் ஒண்ணு ஒரு பக்கம், இன்னொண்ணு ஒரு பக்கம்னு நிக்கும்.

சரியான மண்டலமே போட்டாலும் தொல்லை தீராது. 43-ஆம் மண்டலத்தோட நடுக்கோடு 75°. அங்கிருந்து 2.87° தள்ளி இருக்கோம், அதாவது மண்டலத்தோட விளிம்புல. ஸ்கேல் ஃபேக்டர், அதாவது வரைபடத்துல தூரம் எத்தனை மடங்காகுதுங்கறது, 1.0008. ஒரு கிலோமீட்டருக்கு 80 செ.மீ. நீட்டும். உயரத் திருத்தம் சேர்த்தாலும் 70 செ.மீ.க்கு மேல நிக்கும். 30 மீட்டர் வாசல் முகப்புல 2 செ.மீ.க்கு மேல பிழை, 1:50 தாள்ல கிட்டத்தட்ட அரை மி.மீ. ஸ்கேனர் தருவது உண்மையான தரைத் தூரம். அதை யூடிஎம் கண்ட்ரோல்ல கட்டினா மென்பொருள் இழுத்துப் பிடிக்கப் பார்த்து எல்லா டார்கெட்டுலயும் எச்சப்பிழை (பொருத்தின பிறகும் மிஞ்சுற விலகல்) காட்டும். கருவி கெட்டுப்போச்சுன்னு அளவுத்திருத்தத்துக்கு அனுப்பிடுவாங்க!

செய்ய வேண்டியது: கோட்டைக்குன்னு ஒரு உள்ளூர் டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் (யூடிஎம்மும் இதே வகைதான்). நடுக்கோடு 77° 52'. மலையோட சராசரி நீளுருண்டை உயரம் (பூமியோட கணித வடிவத்திலிருந்து எடுத்த உயரம்) 400 மீன்னு வெச்சா ஸ்கேல் 1.00006. தரைத் தூரமும் வரைபடத் தூரமும் ஒண்ணாயிரும். ஒப்படைக்கும்போது யூடிஎம் 43-க்கு மாத்தி ஒரு பிரதி குடுங்க, மாத்தின அளபுருக்களை (பாராமீட்டர்) வரைபடத்துலயே அச்சடிங்க.

#4 சங்குமலை

நன்றிங்க. உயரத்துக்கு என்ன செய்வது? ஜிஎன்எஸ்எஸ் காட்டும் உயரம் பழைய வரைபடத்து உயரத்தோடு ஒத்தே வரவில்லை.

#5 சர்வே சங்கிலி

ஒத்து வராது. நம்ம பக்கம் ஜியாய்டு, அதாவது சராசரிக் கடல்மட்டப் பரப்பு, நீளுருண்டைக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கு. ஜிஎன்எஸ்எஸ் 160-ன்னு காட்டினா கடல்மட்டத்திலிருந்து 250 பக்கம். ஈஜிஎம்2008-ங்கிற உலக ஜியாய்டு மாதிரியைப் போட்டு மாத்தலாம், ஆனா அதையே முடிவா எடுத்துக்க வேண்டாம். அடிவாரத்துல ஒரு பெஞ்ச் மார்க்கோட (உயரம் தெரிஞ்ச குறி) லெவல் எடுத்துக் கட்டுங்க. கோட்டைக்குள்ள ஒப்பீட்டு உயரம் சரியா இருந்தா பார்வை ஆய்வுக்குப் போதும்.

ஜிஎன்எஸ்எஸ் பேஸ் ஸ்டேஷனை (ஒரே இடத்துல நிக்கிற ஆதாரக் கருவி) அடிவாரத்துல, கார் நிக்கிற இடத்துல வைக்கிறது வசதிதான், ஆனா வேண்டாம். உச்சிக்கும் அடிக்கும் நானூறு மீட்டருக்கு மேல உயர வித்தியாசம். தூரம் கம்மியா இருந்தாலும் ரெண்டு இடத்துலயும் காத்தோட ஈரம் வேற வேற, வெப்ப மண்டலத் தாமதம் கழிஞ்சு போகாது, உயரத்துல சில செ.மீ. ஒட்டிக்கும். மேலே திறந்த பாறையில ஒண்ணு, கீழே ஒண்ணு, நடு மதில் பக்கம் ஒண்ணு. மூணையும் ரெண்டு மணி நேரம் ஸ்டாடிக் (கருவியை அசைக்காம) எடுத்து, சர்வே ஆஃப் இந்தியாவோட கார்ஸ் நிலையத்துல (தொடர்ந்து இயங்குற ஜிஎன்எஸ்எஸ் நிலையம்) ஒருமுறை கட்டிட்டா அப்புறம் உள்ளூர் வேலைதான்.

நடுவுல டோட்டல் ஸ்டேஷன் டிராவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி கோணமும் தூரமும் அளந்து போற சங்கிலி). மூணு ட்ரைபாட் முறை (ட்ரைபாடை அசைக்காம கருவியையும் குறியையும் மட்டும் மாத்தறது) கட்டாயம், இல்லைன்னா சென்டரிங் பிழையே தின்னுடும். மேல்நோக்கின பார்வை செங்குத்தாப் போறதால முகம் மாத்தி (தொலைநோக்கியைப் புரட்டி ரெண்டாவது தடவை) எடுங்க. ஆனா முகம் மாத்தினா எல்லாம் கழிஞ்சிடும்னு நம்பாதீங்க: கருவி மட்டம் தப்பியிருந்தா அந்தப் பிழை ரெண்டு முகத்துலயும் ஒரே பக்கம்தான் வரும், ஏற்றக் கோணம் கூடக்கூடப் பெருகும். வெயில் ஏறின பாறையில ட்ரைபாட் காலு நகரும். ஒவ்வொரு செட்டுக்கும் மட்டத்தைப் பாருங்க. மூடல் (முடிவுல சேராம நிக்கிற பிழைக்கும் மொத்த தூரத்துக்கும் உள்ள விகிதம்) 1:20,000-ஐவிட மோசமா இருந்தா திரும்ப எடுக்கணும்.

இடைச்செருகலா ஒண்ணு: பிரிட்டிஷ் சர்வேயர் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அடிக்கோட்டுல தொடங்கினாரே, அந்தப் பெரிய வில் அளவையும் இதே 78° பக்கம்தான் தெற்கு வடக்கா ஓடுது. அரை டன் தியோடலைட்டை (கோணம் அளக்கிற கருவி)த் தூக்கிட்டு அலைஞ்சாங்க. 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்துல ஏத்தும்போது அது அடிபட்டுது. நமக்கு ஆறு கிலோ ஸ்கேனரைத் தூக்கவே மூச்சு வாங்குது.

#6 புள்ளிமேகம்

டிராவர்ஸ் பற்றிச் சொன்னதோடு சேர்த்து ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஸ்கேன்களை ஒன்றோடு ஒன்று பொருத்துவது. ஆர்டிசி360 நகரும்போதே தன் இடத்தைக் கண்காணித்து, ஸ்கேன்களைத் தானே ஒட்டிக் காட்டும். டேப்லெட்டில் பார்க்க அற்புதமாக இருக்கும். ஜோடிக்கு ஜோடி 3 மி.மீ. என்று பச்சை விளக்கும் எரியும். நாற்பது ஸ்கேன் ஒரே சங்கிலியாகப் போனால் அந்தப் பச்சை விளக்குக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் துளித் துளியாகச் சாய்ந்து, மதில் முழுவதும் வாழைப்பழம் போல வளைந்து நிற்கும்.

சாய்வைக் கருவி பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். அதன் சாய்வு உணரி ஐஎம்யு (அசைவை உணரும் கருவி) வகை, துல்லியம் 3 நிமிடக் கோணம். 100 மீட்டரில் 8.7 செ.மீ. இரட்டை அச்சு காம்பன்சேட்டர் (சாய்வைத் தானே திருத்தும் பகுதி) உள்ள பி40 போன்ற கருவியில் 1.5 விநாடி, அதே தூரத்தில் ஒரு மி.மீ. கூட வராது. அதனால் உங்கள் கருவியில் மட்டம் என்பது கண்ட்ரோலிலிருந்துதான் வர வேண்டும்.

நடைமுறை இது. ஐந்து நிலையத்துக்கு ஒருமுறை குறைந்தது இரண்டு கறுப்பு வெள்ளை டார்கெட், டோட்டல் ஸ்டேஷனால் அளந்தது. உள்பக்கச் சங்கிலியும் வெளிப்பக்கச் சங்கிலியும் ஒவ்வொரு வாசலிலும் சந்தித்து வளையமாக மூட வேண்டும். மதில் மேலே ஏறக்கூடிய இடத்தில் ஒரு ஸ்கேன் போட்டால் இரண்டு பக்கமும் தெரியும், அது தங்கம். அடுத்தடுத்த ஸ்கேன்களுக்கு 40 சதவீத ஒட்டு வையுங்கள். 30 போதும் என்பார்கள், அது அறைக்குள்ளே. புதர் காற்றில் ஆடும் இடத்தில் போதாது. ஆடும் இலையைத்தான் மென்பொருள் பொருத்தப் பார்க்கும். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன் புதரை வெட்டிவிட்டு (திரையில்தான்!) ஓட்டுங்கள்.

டார்கெட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டாமல் சோதனைக்கு ஒதுக்கி வையுங்கள். கட்டிய புள்ளியில் வரும் எச்சப்பிழையைக் காட்டி "துல்லியம் 4 மி.மீ." என்று அறிக்கை எழுதுவது எனக்கு ஏற்புடையது அல்ல. கட்டாத புள்ளியில் என்ன வருகிறதோ அதுதான் துல்லியம்.

#7 செவ்வாய்ப்பேட்டையார்

இவ்வளவு எதுக்குங்க? நல்ல கேமரா வெச்ச டிரோன் ஒண்ணு, 80 சதவீத ஓவர்லேப், தரையில பத்து கண்ட்ரோல். 2 செ.மீ. பிக்சல்ல முழு மலையும் அரை நாள்ல வந்துடும். லைடார் வாடகையில கால் பங்கு ஆகாது. கருங்கல் மதில்ல போட்டோகிராமெட்ரிக்கு (படங்கள்ல இருந்து அளவெடுக்கிற முறை) டெக்ஸ்ச்சர் பஞ்சமே இல்லை.

#8 புள்ளிமேகம்

மதில் முகப்புக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. சொல்லப்போனால் 1:50-இல் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள மூட்டுக்கோட்டை வரைய, ஸ்கேனைவிட 3 மி.மீ. பிக்சல் ஆர்த்தோ படம்தான் (சாய்வு நீக்கி அளவுக்குப் பொருத்திய படம்) மேல். ஸ்கேனால் அளவையும் மட்டத்தையும் கட்டி, படத்தால் கோட்டை வரையலாம். 100 மீட்டரில் லேசர் புள்ளியின் அகலமே சில செ.மீ. ஆகிவிடும். எட்டி நின்று எடுத்த ஸ்கேனில் மயிரிழை விரிசலைத் தேடுவது வீண்.

ஆனால் தளவரைபடம்? கேமரா பார்ப்பது புதரின் தலையைத்தான். இரண்டு மதிலுக்கு நடுவே சரிவு எப்படி இருக்கிறது, இடிந்து விழுந்த மதிலின் அடித்தளம் எங்கே ஓடுகிறது, பழைய பாதை எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் புதருக்கு அடியில். லைடார் ஒரு துடிப்புக்குப் பல எதிரொலி வாங்கும், கடைசி எதிரொலி தரையைத் தொடும். டிரோன் வாடகை அங்கேதான் கழிகிறது.

#9 செவ்வாய்ப்பேட்டையார்

சரிங்க, தரைக்கு அது. முகப்புக்கு என் கேமராவை விட மாட்டேன்.

#10 முட்புதர்

டிரோன் லைடார் பகுதியை நான் எழுதுகிறேன்.

காலம் முக்கியம். மாசி, பங்குனியில் இந்த மலைக் காட்டில் பாதி மரம் இலை உதிர்த்து நிற்கும்; அப்போது எடுத்தால் தரைக்குப் போகும் புள்ளி கூடும். ஐப்பசியில் எடுத்தால் பச்சைப் போர்வையைத்தான் அளப்பீர்கள். சீமைக்கருவேலம் எக்காலமும் பச்சை, அதற்கு மருந்தில்லை. அடர்ந்த உண்ணிப் புதருக்குக் கீழே சதுர மீட்டருக்கு 5 தரைப்புள்ளி கிடைத்தாலே நிம்மதி. வெளியில் 200 இருக்கும். சராசரியை எழுதி ஏமாற வேண்டாம், தரைப்புள்ளி அடர்த்தியைத் தனி வரைபடமாகக் கேளுங்கள். அடர்த்தி இரண்டுக்குக் கீழே உள்ள இடத்தில் தளவரைபடக் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

பறப்பு: தரையிலிருந்து 70, 80 மீட்டர், வேகம் விநாடிக்கு 5 மீட்டர், பக்க ஒட்டு 50 சதவீதத்துக்கு மேல். தரையைத் தொடர்ந்து ஏறி இறங்கும் பறப்பு கட்டாயம். ஒரே உயரத்தில் பறந்தால் உச்சியில் மோதும் பயம், அடிவாரத்தில் நானூறு மீட்டர் தூரம். தரைத்தொடர்வுக்கு 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவை ஏற்றுவார்கள். செங்குத்துப் பாறையில் அது பல மீட்டர் தப்பும். முதலில் உயரமாக ஒரு சுற்று பறந்து, அந்தத் தரவிலிருந்து தரை மாதிரி செய்து, அதை ஏற்றிய பிறகு தாழப் பறப்பதுதான் பாதுகாப்பு.

நேர்கீழாக மட்டும் பார்த்தால் மதில் முகம் வெறும் கோடாக வரும். குறுக்கும் நெடுக்கும் ஒவ்வொரு சுற்று, அதன்பின் லைடாரை 45 டிகிரி சாய்த்து மதிலுக்கு இணையாக இரு பக்கமும். தொடக்கத்திலும் முடிவிலும் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் பறந்து ஐஎம்யுவைத் தட்டி எழுப்புங்கள். நீண்ட நேர்ப்பறப்பில் அதன் திசை மெல்ல நழுவும், பட்டைக்குப் பட்டை 10 செ.மீ. விலகி மதில் இரட்டையாகத் தெரியும்.

மலைத்தேனீ! பாறை முகத்தில் தேனடை தொங்குகிறதா என்று தொலைநோக்கியில் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். இறக்கைச் சத்தத்துக்கு அது கிளம்பினால் கீழே படியில் ஏறும் பக்தர்கள்தான் மாட்டுவார்கள்.

#11 முட்புதர்

தொடர்ச்சி, இதுதான் பலரும் கோட்டை விடும் இடம் (சொல்லப்போனால் கோட்டையையே விடும் இடம்).

தரைப்புள்ளியைப் பிரிக்கும் ஃபில்டர்கள் எல்லாம் "திடீரென்று எழும்புவது தரை அல்ல" என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. மரத்தையும் வீட்டையும் நீக்க அது சரி. நம் மதிலும் திடீரென்று எழும்புகிறது. இயல்பு அமைப்பில் ஓட்டினால் மதில் முழுதாகக் காணாமல் போகும், கூடவே செங்குத்துப் பாறை விளிம்பும் போகும். அமைப்பைத் தளர்த்தினால் மதிலோடு புதரும் தரையாகிவிடும்.

துணி போர்த்தும் முறையில், அதாவது சிஎஸ்எஃப்-இல், விறைப்பு 1, சரிவுத் திருத்தம் இயக்கத்தில், துணிக் கண் 0.5 மீ, தரை என்று ஏற்கும் விலகல் வரம்பு 0.3 மீ என்று தொடங்குங்கள். அப்போதும் துணி மதில் மேல் பாதி ஏறி நிற்கும். பாதி மதில் தரை, பாதி மதில் தாவரம் என்று வரும். அதற்கு அளபுருவைத் திருகிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மதில், கொத்தளம், வாசல், கட்டடம் இவற்றைச் சுற்றிக் கையால் பலகோணம் வரைந்து, உள்ளே உள்ள புள்ளிகளைத் தனி வகுப்பில் போடுங்கள். எல்ஏஎஸ் 1.4 கோப்பு வடிவத்தில் 64 முதல் உள்ள எண்கள் நம் விருப்பத்துக்கு: 64 நிற்கும் மதில், 65 இடிந்த மதில், 66 பாறையில் வெட்டிய படி என்பது போல. மிச்சத்தை மட்டும் ஃபில்டருக்குக் கொடுங்கள். ஒரு வாரக் கைவேலை இது. மதிப்பீட்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

அதன்பின் 25 செ.மீ. கட்டத்தில் தரை மாதிரி. ஒரே திசை நிழலில் பார்க்காதீர்கள், அந்த வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் மதில் தெரியாது. வான்தெரிவு விகிதம் (ஓர் இடத்திலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறது), திறப்பளவு (சுற்றுப்புறம் எவ்வளவு திறந்திருக்கிறது) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புதருக்குள் கிடக்கும் அடித்தள வரிசை அதில்தான் எழும்பி வரும். தெரிந்ததையெல்லாம் மதில் என்று வரைந்துவிட வேண்டாம். பாறைப் பிளவும் நேர்கோடாக ஓடும். ஒவ்வொன்றையும் களத்தில் போய்த் தொட்டுப் பார்த்த பிறகே பச்சை மை.

#12 சுண்ணாம்புக்காரை

பார்வை ஆய்வு பற்றி யாரும் தொடவில்லையே. அதற்கு இரண்டு தரவும் கலக்க வேண்டும். பார்வைப் புள்ளியைக் கொத்தளத்தின் நடுவில் வைத்து, மனித உயரம் 1.6 மீ கூட்டினால் வருவது காவலாள் பார்த்தது, சுட்டது அல்ல. துப்பாக்கித் துளையின் வாய் உள்ளே அகலம், வெளியே குறுகல், அல்லது மறுதலை. அதன் அடிச்சாய்வும் பக்கக் கோணமும்தான் எங்கே சுட முடியும் என்பதைத் தீர்மானிக்கும். தரை ஸ்கேனில் ஒவ்வொரு துளையையும் உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று எடுத்து, அடித்தளத்துக்கும் இரு பக்கத்துக்கும் தளம் பொருத்தி, இடவலக் கோணத்தையும் மேல்கீழ்க் கோணத்தையும் பட்டியலிடுங்கள். அந்தக் கோணத்துக்குள் மட்டும் பார்வை ஆய்வை ஓட்டுங்கள். அப்போதுதான் மதிலடியில் எந்த இடம் சுட முடியாத மறைவிடம் என்று தெரியும்.

தூர எல்லை: வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கு 90 மீட்டரைத் தாண்டிக் குறி சொல்ல முடியாது. பீரங்கிக்குத் தனி வளையம். தரை மாதிரி தாவரம் நீக்கியதாக இருக்க வேண்டும். படையிருப்பு இருந்த காலத்தில் சரிவில் புதர் விட்டு வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. திறந்த இணையத்தில் கிடைக்கும் 30 மீட்டர் தரவில் இந்த ஆய்வைச் செய்து கட்டுரை எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரு கட்டத்துக்குள் முழுக் கொத்தளமும் அடங்கிப் போகும்!

காலத்தையும் கலக்காதீர்கள். விஜயநகரக் காலம், மைசூர்க் காலம், 1792 உடன்படிக்கைக்குப் பின் கும்பெனிக் காலம் என்று பழுதுபார்ப்பு அடுக்கடுக்காக இருக்கும். கல்லின் அளவு, மூட்டு, காரை, மேலே செங்கல் கைப்பிடி உண்டா என்று பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறியீடு. ஸ்கேனின் எதிரொலிச் செறிவு கொஞ்சம் உதவும்: சுண்ணாம்புக் காரை வெளிறித் தெரியும், பாசி படிந்த கருங்கல் கறுக்கும். ஈரம் இருந்தால் இந்த வேறுபாடு குழம்பும், மழை விட்டு இரண்டு நாள் காயவிடுங்கள்.

#13 ஏற்காட்டுப் பனி

ஈரம்னதும் இதையும் சொல்லிடறேன். மூடுபனியில ஸ்கேன் போட வேண்டாம். சேர்வராயன் மலை மேல மார்கழி காலைல பாக்கறோமே, அந்த மாதிரி பனித்துளி லேசரைத் திருப்பி அனுப்பும், கருவியைச் சுத்தி அஞ்சாறு மீட்டருக்குப் புள்ளித்தூசி நிக்கும். சங்ககிரியில பனி கம்மி, வெயில்தான் எதிரி. கருவி 40 டிகிரி வரைன்னு எழுதியிருக்கும்; காத்து 38 இருக்கும்போது கறும்பாறை மேல வெயில்ல நிக்கிற கருவி உள்ளுக்குள்ள அதைத் தாண்டிடும். காலை 6 முதல் 10, சாயங்காலம் 4-க்கு மேல. நடுப்பகல்ல வாசல் உள்ளறை, மண்டபம்னு நிழல் வேலை பாருங்க. குடை ஒண்ணு கட்டாயம், ஸ்கேன்ல குடையும் விழும், பரவாயில்லை.

#14 அம்மாப்பேட்டை நெசவு

அனுமதி?

#15 சர்வே சங்கிலி

நல்லாக் கேட்டீங்க. தொல்லியல் துறையோட பாதுகாப்புல உள்ள சின்னம். அந்தத் துறையோட வட்ட (சர்க்கிள்) அலுவலகத்துல எழுத்துல அனுமதி வாங்கணும், கருவி பட்டியலோட. டிரோனுக்குத் தனியாக் கேளுங்க, ஸ்கேன் அனுமதியிலயே அதுவும் அடக்கம்னு எடுத்துக்காதீங்க. ஆணி அடிக்கறது, பெயின்ட் குறி, பசை எதுவும் கூடாது. மணல் மூட்டை, ட்ரைபாட் மேல டார்கெட். மலைச்சரிவு எந்த சர்வே எண் வனத்துறைக்குள்ள வருதுன்னு கிராம வரைபடத்துல பாத்துட்டு அவங்ககிட்டயும் ஒரு கடிதம்.

டிரோன் விதிகள் 2021-படி பதிவு எண், ரிமோட் பைலட் சான்றிதழ். லைடார் தூக்கற டிரோன் 2 கிலோவுக்கு மேலதான் இருக்கும், அதனால அது சின்ன ரகம் (ஸ்மால்); நுண் ரகத்துக்கு (மைக்ரோ) உள்ள சலுகை கிடையாது. பறக்கற அன்னிக்குக் காலையில மண்டல வரைபடத்தைப் பாருங்க, பச்சை மண்டலத்துல 120 மீட்டர்தான் உச்சவரம்பு. 2022 பிப்ரவரியில வெளிநாட்டு டிரோன் இறக்குமதியை நிறுத்திட்டாங்க, அதனால வாடகைக்கு வர்ற டிரோனோட பதிவுக் காகிதத்தை முதல்ல கண்ணால பாத்துட்டு முன்பணம் குடுங்க.

தரவுக்கு: 2021 பிப்ரவரி 15 புவியிடத் தரவு வழிகாட்டுதல்படி கிடைமட்டம் 1 மீட்டர், உயரம் 3 மீட்டரைவிட நுணுக்கமான தரவை இந்திய நிறுவனங்கள்தான் எடுக்கலாம், வெச்சுக்கறதும் இந்தியாவுக்குள்ள. வெளிநாட்டு சர்வர்ல ஏத்தி ரெஜிஸ்ட்ரேஷன் பண்ற சேவை இருந்தா அணைச்சு வைங்க.

#16 சூரமங்கலம் சந்திப்பு

ஒரு சந்தேகம். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனையம். நாளைக்கு இப்போது இயங்கும் ராணுவ வளாகம், கிடங்கு, பணிமனை என்று அளவை வேலை வந்தால் இதே முறைதானா?

#17 புள்ளிமேகம்

வழித்தடத்தில் உள்ளது பெரும்பாலும் தனியார் தொழிற்சாலை, அங்கே வழக்கமான ஆலை அளவைதான். இயங்கும் ராணுவ வளாகம் வேறு கதை. 1923 அலுவல் ரகசியச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கத்தோடு தடை செய்யப்பட்ட இடத்தை நெருங்குவதையும், எதிரிக்குப் பயன்படக்கூடிய வரைபடம், திட்டப்படம் எடுப்பதையும் குற்றமாக்கும் பிரிவு. வளாகத்தின் பொறியியல் பிரிவு எழுத்தில் தரும் வேலை ஆணை இல்லாமல் வேலிக்கு வெளியே நின்றுகூட ட்ரைபாடை விரிக்கக்கூடாது. கருவி 130 மீட்டர் எட்டும்; அது வேலியோடு நின்றுவிடும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆணை கிடைத்த பின் தொழில்நுட்பத்தில் மாறுபவை சில. கேட்ட கட்டடத்தை மட்டும் ஸ்கேன் எடுக்க, வசதி உள்ள கருவியில் கிடைக்கோண எல்லையை வையுங்கள், முழு வட்டம் சுழலவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். எடுத்தாலே அது தரவுதான். படம் எடுப்பதை அணைத்து, செறிவு மட்டும். வைஃபை, ஜிஎன்எஸ்எஸ் அணைப்பு. ஆயங்கள் 1000, 1000 என்று தொடங்கும் உள்ளூர் அமைப்பில். உண்மை ஆயத்துடன் பொருத்தும் அளபுரு அவர்களிடம் இருக்கட்டும். ரெஜிஸ்ட்ரேஷன் அவர்கள் வளாகத்தில், இணையம் தொடாத கணினியில். நினைவகக் குச்சியை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குங்கள், அழித்துத் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு வேண்டாம், புதியதற்கான விலையை மதிப்பீட்டிலேயே சேருங்கள்.

வெடிபொருள் கிடங்கு என்றால் லேசர் முதல் வகுப்பு, கண்ணுக்குப் பயமில்லை என்று காட்டுவது போதாது. ரேடியோ அலையும் லித்தியம் மின்கலமும்தான் அவர்கள் கவலை. பாதுகாப்பு அதிகாரி கையொப்பம் இல்லாமல் வாசலைத் தாண்டாது.

#18 சங்குமலை

மிக்க நன்றி. கடைசியாக, வாசல் நடைகள் இருட்டாக, திரும்பித் திரும்பிப் போகின்றன. கையில் பிடித்து நடக்கும்போதே தன் இடத்தைக் கணக்கிடும் ஸ்லாம் ஸ்கேனர் போதுமா? மக்கள் நடமாட்டம் எப்போது குறைவு?

#19 புள்ளிமேகம்

தளவரைபடத்துக்குப் போதும், 2, 3 செ.மீ.க்குள் வரும், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடித்தால். 1:50 கேட்ட வாசலுக்கு அது ஆகாது. வளைவுக்கு முன், வளைவில், வளைவுக்குப் பின் என்று மூன்று நிலையமாவது தரை ஸ்கேனரில். உள்ளே படம் எடுப்பதை அணைத்தால் நேரம் பாதியாகும், இருட்டுப் படத்தால் பயனும் இல்லை. வௌவால் பறந்தால் புள்ளி சிதறும், இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டு நீக்கும் வசதியை இயக்குங்கள்.

#20 சுண்ணாம்புக்காரை

ஆடிப்பெருக்கு அன்று தீரன் சின்னமலை நினைவுக்குக் கூட்டம் வரும். புரட்டாசிச் சனிக்கிழமையில் மேலே பெருமாள் கோயிலுக்கு ஏறுவார்கள். இரண்டையும் தவிருங்கள். மற்ற நாளில் செவ்வாய் முதல் வியாழன் வரை காலை நேரம் காலி.

#21 முட்புதர்

மலைக்கோயில் என்றால் குரங்கு உண்டு. வெள்ளை உருண்டை டார்கெட்டைத் தேங்காய் என்று எண்ணித் தூக்கும். தட்டை டார்கெட் வையுங்கள், ஒவ்வொன்றையும் ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அளந்து 3 மி.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தால் அந்தத் தொகுப்பிலிருந்து தூக்கிவிடுங்கள். இருபது டார்கெட் கணக்கு வந்தால் முப்பது கொண்டுபோங்கள்.